காக்கா கேட்ட வாடகை அறை

படைத்தவனைப் புகழ்ந்து, அவன் தூதர் மீது ஸலவாத்துச் சொல்லி, எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

என் ஒரே அண்ணன், என் காக்கா அவர்கள் மௌத்தாகி ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் படித்தவர்கள் எழுதியிருப்பார்கள். காக்காவோடு வேலை செய்தவர்களும் பள்ளிவாசலில் அவரோடு இருந்தவர்களும் அவருடைய பெருமைகளை என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதற்கு முன் நான் எழுதியதெல்லாம் கடிதம்தான், அதுவும் காக்கா தூர இடத்தில் வேலையில் இருந்தபோது அவருக்கு எழுதியது. ஆகவே இதையும் ஒரு கடிதம் என்று நினைத்து வாசியுங்கள். என் மகள் றிஸ்வானா எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினாள். வேறு எதிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் எழுத மாட்டேன் என்றுதான் சொன்னேன். காக்காவின் ஒரே மகள் சில்மியா அவுஸ்திரேலியாவில் இருந்து கதைக்கும்போதெல்லாம் ஒரே பேச்சு. "வாப்பாவக் கப்பல்ல ஏத்தி அனுப்பினது நான்தானே மாமி" என்று சொல்லி அழுவாள். ஒரு வருடமாக அந்தப் பேச்சை அவள் விடவில்லை. அது சரியில்லை. காக்கா கப்பலில் போனதற்குக் காரணம் அவள் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காக்கா பிறந்தது கல்முனைக்குடியில். எனக்கு ஐந்து வயது மூத்தவர். நாங்கள் இரண்டே பேர்தான். வாப்பா கரைவலையில் வேலை செய்தவர். எனக்குப் பத்து வயது நடக்கும்போது காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு உம்மா பன்பாய் இழைத்துத்தான் எங்களை வளர்த்தார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு உம்மாவுக்குப் பன் புல்லை வகிர்ந்து கொடுத்தேன். காக்கா தொடர்ந்து படித்தார். அதில் எனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. குறை அவருக்குத்தான் இருந்தது. கடைசி வரைக்கும், "உன்ட படிப்பையும் சேத்து நான் படிச்சிட்டன் புள்ள" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

படித்து முடித்து நீர்ப்பாசன வேலையில் சேர்ந்தார். கடற்கரையில் பிறந்தவர் குளத்துத் தண்ணீரோடு முப்பத்தைந்து வருடம் கிடந்தார். வரிப்பத்தான்சேனைப் பக்கம் வாய்க்கால் தண்ணீருக்கு இரண்டு பேர் மண்வெட்டியோடு நின்ற கதையை அங்குள்ளவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். காக்கா இரண்டு பேருக்கும் நடுவில் வரம்பில் போய் உட்கார்ந்திருக்கிறார். மேல் வயல்காரர், "ஐயா வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க, முதல்ல ஒரு தேத்தண்ணி குடிங்க" என்றாராம். "குடிப்பம். அவர்ட வயலுக்கும் தண்ணி போகட்டும், அவர்ட வூட்டிலயும் தேத்தண்ணி ஊத்தட்டும். மறுகா ரெண்டையும் ஒண்டாக் குடிப்பம்" என்று சொல்லி மதியம் வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. தண்ணீர் கீழ் வயலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழும்பியிருக்கிறார். கடைசி வயலுக்குப் போய்ச் சேராத தண்ணீர் திறந்த தண்ணீரே இல்லை என்பது அவருடைய கணக்கு.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் எங்கள் பகுதி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். அதனால் ஆண்களுக்கென்று சொந்தமாக வீடு இருப்பதில்லை. பிறக்கிறது உம்மாவின் வீட்டில், வாழுகிறது மனைவியின் வீட்டில். வாப்பா இல்லாத குடும்பத்தில் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுப்பது அண்ணன்மாரின் பொறுப்பு. அது முடியாமல் அவர்கள் தங்களுடைய கலியாணத்தைப் பற்றிக் கதைக்கவும் மாட்டார்கள்.

காக்கா எனக்கு வீடு கட்டினார். லீவு கிடைக்கும் நாளில் எல்லாம் வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேசனோடு நின்று கல் சுமப்பார். அத்திவாரத்தை அவர் ஆழப்படுத்தச் சொன்ன ஆழத்தைப் பார்த்து மேசன், "என்ன தம்பி, வூடு கட்டுறமா கிணறு வெட்டுறமா?" என்று கேட்டார். "என்ட தங்கச்சி இரிக்கிற வூடு. நீங்க வெட்டுங்க மேசனார்" என்றார் காக்கா. ஏழு வருடம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் அவர் சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது.

சுனாமி வந்த அன்று தண்ணீர் எங்கள் ஜன்னல் வரைக்கும் ஏறியது. சுவர் அசையவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் ஏறி நின்றார்கள். மறுநாள் காக்கா சேற்றுக்குள் நடந்து வந்தார். எங்களைப் பார்த்துவிட்டுச் சுவரில் இரண்டு தரம் கையால் தட்டினார். "அத்திவாரம் நிண்டிரிக்கி" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார்.

அப்படிக் கட்டிய வீட்டில் என் கலியாணத்துக்குப் பிறகு காக்கா ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து வருவார். முன் விறாந்தையில் கதிரையில் இருப்பார். தேத்தண்ணி குடித்துவிட்டுச் சோற்று நேரத்துக்கு முன்னே எழும்பிவிடுவார். "சாப்பிட்டுப் போங்களன் காக்கா" என்றால், "ஒருநாள் சாப்பிட்டா மறுநாளும் பசிக்கும்" என்று சிரிப்பார். தங்கச்சி வீட்டில் அண்ணன் தங்குவது எங்கள் பக்கம் மதிப்பில்லை. அதிலும் காக்கா அப்படி இப்படி ஒரு சொல் வர விடமாட்டார்.

அவர் ஓய்வு பெற்று நாலு வருடத்தில் அவர் மனைவி, என் மச்சி, சிறுநீரக வருத்தத்தில் மௌத்தானார். அவர்கள் இருந்த சாய்ந்தமருது வீடு சில்மியாவுக்குக் கொடுத்த வீடு. அவளோ கணவரோடு அவுஸ்திரேலியாவில் இருந்தாள். வாப்பாவைத் தனியே விட மனமில்லாமல் அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டாள். சாய்ந்தமருது வீட்டில் ஒரு குடும்பத்தை இருத்தினார்கள்.

அங்கே அவரை நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் எல்லோரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். காக்கா ஜன்னலோரம் இருந்து எனக்குக் கதைப்பார். எங்களுக்குக் காலை பத்து மணி என்றால் காக்காவின் கோல் வரும்.

"குளத்தால தண்ணி விட்டுட்டாங்களா புள்ள?"

"விட்டுட்டாங்களாம் காக்கா."

"கடைசி வயலுக்குப் போய்ச் சேந்ததாமா?"

"அது எனக்கெங்க காக்கா தெரியும்? நான் அடுப்படியில இரிக்கன்."

"ஆருட்டயும் கேட்டுச் சொல்லு."

நானும் மீன்காரரிடம், மரக்கறிக்காரரிடம் கேட்டுச் சொல்லுவேன். இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. "எனக்கு ஊரோட வந்து இரிக்கணும் போல இரிக்கி, தங்கச்சி" என்றார். நான், "வாங்க காக்கா" என்றேன். அவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாப்பம்" என்றார்.

அவர் காத்திருந்தது எதற்கு என்று எனக்குத் தெரியும். வந்தால் எங்கே இருப்பது? எங்கள் வீட்டில் முன் அறை ஒன்று பழைய தட்டுமுட்டுச் சாமான் போட்டு மூடிக் கிடந்தது. "நம்மட வூட்டில வந்து இரிங்க" என்று நான் சொல்லியிருந்தால் அவர் வழக்கத்தையும் பார்க்காமல் வந்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் வீடு இப்போது என்னுடையது இல்லை. றிஸ்வானாவின் கலியாணத்தில் அவளுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. என் கணவரும் மௌத்தாகிவிட்டார்; மருமகன் பன்னிரண்டு வருடமாக இங்கே வாழ்கிறார். அவர் நடத்துகிற வீட்டில் என் காக்காவை இருத்துவதென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் மருமகனோடு நேரே நின்று கதைக்காதவள். எங்கள் காலத்து மாமியார்கள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைப்போம். சோறு போதுமா, கறி வேணுமா என்பதற்கு மேல் நான் அவரோடு கதைத்ததில்லை.

காக்கா வாடிப்போயிருப்பதைச் சில்மியா கண்டுகொண்டாள். அவளுடைய வேலையிடத்தில் யாரோ தங்கள் தாய் தகப்பனைக் கப்பல் பயணம் அனுப்பிச் சந்தோசப்படுத்தினார்களாம். பசிபிக் கடலில் தீவு தீவாகக் காட்டிக்கொண்டு வருகிற கப்பல். நாற்பது நாள். அதில் இவளும் இடம் எடுத்தாள். காக்காவுக்கு மனமில்லை. என்னிடம் கேட்டார். "நாப்பது நாள் கடல்ல எனக்கென்ன வேல? நீ வேணாம் எண்டு சொல்லு. தங்கச்சி மறிக்கிறாள் எண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போட்டு ஊருக்கு வாறன்."

நான், "போங்க காக்கா. ஊர் உலகத்தப் பாத்திட்டு வாங்க" என்று சொன்னேன்.

சில்மியா, இதை நன்றாக வாசி மகள். மறித்துவிடு என்று உன் வாப்பா என்னிடம் கேட்டார். மறித்தால் அவர் ஊருக்கு வருவார், வந்தால் நான் மருமகனிடம் கேட்க வேண்டும். அந்த நாற்பது நாளும் எனக்குத் தவணை போல இருந்தது. அதனால்தான் போகச் சொன்னேன். அன்றைக்கு என் மனம் கொஞ்சம் இலேசானதையும் மறைக்கவில்லை.

கப்பல் கரை பிடிக்கும் இடங்களில் இருந்து காக்கா குரல் பதிந்து அனுப்புவார். எல்லாம் என் போனில் இருக்கிறது. முதல் தடவை நல்ல உசாராக இருந்தார். "இது கப்பல் இல்ல புள்ள. கல்முனை பசாரத் தூக்கிக் கடல்ல வெச்ச மாதிரி இரிக்கி. நான் சாப்பாட்டுக்குப் போனா திரும்பி அறைக்கு வாற வழி தெரியாம ரெண்டு தரம் ஆக்களக் கூட்டிக்கிட்டு வந்தன்." ஹலால் பார்த்து அவர் சாப்பிட்டது பாணும் முட்டையும் பழமும்தான். சமையல் பகுதியில் வேலை செய்யும் இந்தோனேசியாக்காரர் ஒருவர் நம்மவர் என்று கண்டு, அவருக்கு மட்டும் மீன் பொரித்துக் கொடுத்திருக்கிறார். தொழுகைக்குக் கிப்லா எந்தப் பக்கம் என்று தினமும் சொன்னதும் அந்த மனிதர்தான். கப்பல் திரும்பத் திரும்பக் கிப்லாவும் திரும்புமாம்.

இன்னொரு தடவை, "அறை துப்பரவாக்கிற ஆள் துவாயில யானை செஞ்சி கட்டில்ல வெச்சிட்டுப் போறான். நேத்து யானை, இண்டைக்கு முயல். பிரிச்சித் துடைக்க மனம் வரல்ல. நான் சாரத்தால துடைக்கன்" என்றார். நானும் றிஸ்வானாவும் அதைக் கேட்டுச் சிரித்தோம். மருமகனும் விறாந்தையில் இருந்து சிரித்தது கேட்டது.

போகப் போக அவருடைய குரல் இறங்கிவிட்டது. ஒரு தீவில் தென்னை, ஈரப்பலா, மரவள்ளி எல்லாம் கண்டாராம். பெண்கள் தரையில் இருந்து பாய் இழைத்து விற்றார்களாம், உம்மா இழைக்கிற அதே மாதிரி. ஒன்று வாங்கி அதில் தொழுகிறேன் என்றார். "எல்லாத் தீவும் நம்மட ஊர் மாதிரித்தான் இரிக்கி தங்கச்சி. இறங்கி நடந்தாத்தான் தெரியுது, ஒண்டும் ஊரில்ல. ஆக்கள் ஆரையும் தெரியாது. பொழுது பட முதல் திரும்பி ஏறிடணும்." கடலைப் பற்றி ஒரு நாள், "இவ்வளவு தண்ணி இரிக்கி, திறக்க ஒரு கதவில்ல, பாய ஒரு வயலில்ல. இதப் பாத்துக்கிட்டு நாப்பது நாள் எப்பிடி இரிக்கிற?" என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியில் ஒரு புதன்கிழமை அனுப்பியதுதான் கடைசி. அதை அப்படியே எழுதுகிறேன்.

"தங்கச்சி, கப்பல்ல ஒரு அறிவித்தல் போட்டிரிக்கி. இந்தக் கிழம எங்களுக்கு வெள்ளி இல்லையாம். இந்தக் கடல்ல ஒரு கோடு இரிக்காம். போகக்குள்ள ஒரு நாள் கூடக் கிடைச்ச, வரக்குள்ள ஒரு நாள் இல்லாமப் போகுமாம். வியாழன் படுத்தா சனி எழும்புறயாம். எனக்கு இது சரியாப் படல்ல. கப்பல்ல ஜும்மா இல்லாட்டியும் வெள்ளிக்குக் குளிச்சி, வெள்ள உடுத்துத்தான் லுஹர் தொழுறனான். அத எப்பிடி விடுற? சரி, அது கிடக்கட்டும். கப்பலால இறங்கின கையோட ஊருக்கு டிக்கட் போடச் சொல்லப் போறன். பள்ளிக்குக் கிட்ட ஒரு அறை வாடகைக்குக் கிடைக்குமா எண்டு விசாரிச்சிப் பாரு. சின்ன அறை போதும். சாப்பாடு கடையில எடுப்பன். உனக்குக் கரச்சல் இல்ல."

எனக்கு வீடு கட்டிய மனிதர் என்னிடம் வாடகைக்கு ஓர் அறை தேடச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். காக்காவுக்கு இல்லாத வெள்ளி எனக்கு இருந்ததே. மருமகன் ஜும்மா முடிந்து வந்தார். நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும் ஆக்கி வைத்திருந்தேன். அவர் சாப்பிடும்போது நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். றிஸ்வானா என் கையைக் கிள்ளினாள்.

"கேளுங்களன் உம்மா."

"நீ கேளு."

"உங்கட காக்காதானே. நீங்க கேக்கிறதுதான் முறை."

எங்கள் குசுகுசுப்பு மருமகனுக்குக் கேட்டிருக்க வேண்டும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். "என்ன மாமி, ஏதும் கதைக்கணுமா?"

"இன்னம் கொஞ்சம் ஆணம் ஊத்தவா மருமகன்?" என்று கேட்டேன்.

"போதும் மாமி" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கை கழுவப் போனார். காக்காவுக்கு, "ஓம் காக்கா, அறை பாக்கன்" என்று பதில் அனுப்பினேன். அவர் நடுக்கடலில் இருந்தார். அது அவருக்குப் போய்ச் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சில்மியா கதைத்தாள். கப்பலில் சனி என்று சொன்ன அந்த நாளில் காக்கா குளித்து, வெள்ளை உடுத்து, அத்தர் பூசி, தீவில் வாங்கிய பாயை விரித்துத் தொழுகைக்கு நின்றிருக்கிறார். அவருடைய கணக்கில் அது வெள்ளிதான். மீன் கொண்டுவந்த இந்தோனேசியாக்காரர்தான் அவர் பாயில் சாய்ந்து கிடந்ததைக் கண்டவர். மாரடைப்பு. வைத்தியர் வரும்போது உயிர் இல்லை. அந்த மனிதர் காக்காவைக் கிப்லாப் பக்கம் திருப்பிக் கிடத்தி, கப்பல் பீஜித் தீவுக்கு வருமட்டும் வேலை நேரம் போக அருகில் இருந்து ஓதியிருக்கிறார்.

ஊருக்குக் கொண்டுவருவதா அங்கேயே அடக்குவதா என்று சில்மியா கேட்டாள். "சுணக்க வேணாம் மகள். அங்கயே அடக்குங்க" என்றேன். அந்தப் பேச்சு மட்டும் எனக்குச் சுணங்காமல் வந்தது. பீஜியில் ஒரு மேட்டில், கறுத்த மண்ணில் காக்கா கிடக்கிறார். உம்மா கல்முனைக்குடி மையவாடியில், கடல் மணலில் கிடக்கிறார். நடுவில் எவ்வளவு தண்ணீர் என்று அளந்து சொல்லக்கூடியவர் காக்காதான். இங்கே பள்ளியில் அவருக்காகக் காயிப் ஜனாஸா தொழுதார்கள். மையத்து இல்லாத தொழுகை. வந்தவர்கள் சிலர், "வெள்ளியில மௌத்தா, சனியிலயா?" என்று கேட்டார்கள். மௌலவி, "படைச்சவன்ட கணக்கில கோடு கீடு ஒண்டும் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

நாற்பதாம் நாள் காக்காவின் பேரில் கத்தம் ஓதி எல்லோரும் போன பிறகு மருமகன் அடுப்படிக் கதவடியில் வந்து நின்றார். நான் உள்ளே இருந்தேன்.

"மாமி, மாமா வாற எண்டுதான் நான் நினைச்சிக்கிட்டு இரிந்தன். முன் அறைக்கு வெள்ள அடிக்க ஆளும் சொல்லி வெச்சிரிந்தன். நீங்க ஒரு சொல்லுச் சொல்லுவீங்க எண்டு பாத்தன். அண்டைக்கு வெள்ளிக்கிழமையும் பாத்தன்."

நான் வாய் திறந்தேன். "வூடு உங்கடதானே மருமகன். நீங்க சொல்லாம நான் எப்பிடி?"

"அல்லாவே. உங்கட காக்கா உங்களுக்குக் கட்டின வூடு மாமி. அதில அவர வாங்க எண்டு கூப்பிட நான் ஆர் எண்டுதானே நான் பேசாம இரிந்தன்."

அவர் போய்விட்டார். கட்டியவருக்கும் இது தன்னுடைய வீடு என்ற எண்ணம் இருந்ததில்லை.

காக்காவின் பெட்டியைச் சில்மியா கொண்டுவந்து தந்தாள். உடுப்பும் குர்ஆனும் அந்தப் பாயும் இருந்தன. பாயின் ஓரத்தை அந்தத் தீவுப் பெண்கள் மடித்து இழைத்திருக்கும் விதம் உம்மாவின் கை இல்லை. நான் அதில்தான் தொழுகிறேன். காக்காவுக்காகக் கேட்கிறேன். எனக்காகக் கேட்க வாய் வருவதில்லை.

கப்பலில் காக்காவுக்கு மீன் பொரித்துக் கொடுத்து, கடைசியில் அருகில் இருந்து ஓதிய மனிதருக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும். பீஜியில் அவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, முகம் தெரியாமலே தோள் கொடுத்தவர்களுக்கும் அப்படியே. காயிப் ஜனாஸாவுக்கு வந்த ஊரவர்களுக்கும், வரிப்பத்தான்சேனையில் இருந்து அறுவடை வேலையை விட்டு வந்த வயல்காரர்களுக்கும், கத்தத்துக்கு ஆக்கித் தந்த அயல் பெண்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. சில்மியா, உன் வாப்பாவை நீ நன்றாகப் பார்த்தாய் மகள். உன்மேல் ஒன்றும் இல்லை.

மருமகனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நாற்பதாம் நாள் அவர் வந்து கதைத்ததற்குப் பதிலாக ஒரு நல்ல சொல் நான் சொல்லவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், நடுவில் ஒரு கதவுதான். இன்றைக்குச் சொல்லுவோம், வெள்ளிக்கிழமை சொல்லுவோம் என்று ஒரு வருடம் போய்விட்டது. இந்த மலர் அவருடைய கைக்கும் வரும். அவர் வாசித்துக்கொள்ளட்டும்.